காணாமல் போன இரண்டு இதழ்கள்

"வால்வைத் திறந்தீங்களா?"

கொட்டுகிற மழையில், முன்பின் தெரியாத ஒருவன் கேட்ட முதல் கேள்வியே இதுதான். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை... நோல்வியாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

கெனாக் தீவிலிருந்து அச்சாவ் சந்தைக்கு உருளைக்கிழங்கு மூட்டைகளோடு கிளம்பிய அவள் படகு, நட்டநடுவில் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. நங்கூரத்தை இறக்கிவிட்டு என்ன செய்வதென்று விழித்துக்கொண்டிருந்தபோதுதான் இவன் வந்தான். தன் சின்னப் படகை இதன் பக்கத்தில் அணைத்துக் கட்டிவிட்டு, கருவிப் பெட்டியோடு தாவி ஏறியவன், எடுத்த எடுப்பில் இப்படிக் கேட்கிறான்!

"ஏன்? பொம்பளை ஓட்டினா வால்வைத் திறக்க மறந்துடுவான்னு நெனப்பா?"

"ஆம்பளைகிட்டயும் இதைத்தாங்க மொதல்ல கேப்பேன். எஞ்சின் சூடாச்சுன்னா கடல்தண்ணி உள்ள வருதான்னு தானே பாக்கணும்..."

"திறந்துதான் இருக்கு. கிளம்பும்போது மூணு தடவை பாத்தேன். நின்னப்புறம் ஒரு தடவை பாத்தேன். போதுமா மேஸ்திரி?"

"மூணு தடவையா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். மழைத்துளி தொங்கும் இமைகளுக்குக் கீழே, ஈரமண் நிறத்தில் இரண்டு கண்கள்... கேலி செய்கிற கண்கள் இல்லை அவை. எதையோ தொலைத்துவிட்டு நெடுநாளாகத் தேடுகிற கண்கள். நோல்வியா சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். இந்த நேரத்தில் கண்ணைப் போய்ப் பார்ப்பாளா ஒருத்தி? வெட்கக்கேடு!

அவன் பெயர் எலியேசர். தல்காவேயில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். முதலில் வடிகட்டியைத் திறந்தான். கொஞ்சம் பாசி இருந்தது, அவ்வளவுதான். பிறகு தண்ணீர்ப் பம்பின் மூடியில் இருந்த நாலு திருகுகளையும் கழற்றி, உள்ளேயிருந்த ரப்பர் சக்கரத்தை வெளியே இழுத்தான். அந்தச் சக்கரம்தான் சுழன்று சுழன்று கடல்நீரை இழுத்து எஞ்சினுக்குக் குளிர்ச்சி தருவது. ஆறு இதழ் இருக்க வேண்டிய இடத்தில் நாலுதான் இருந்தது.

"இதான் வியாதி. எங்கிட்டப் புதுசு இருக்கு." ஐந்தே நிமிடத்தில் மாட்டிவிட்டான்.

"அப்பாடா... ஓட்டட்டுமா?"

"வேணாம். ரெண்டு இதழைக் காணோம்."

"காணோம்னா போகட்டும்! பழைய ரப்பருக்குப் போய்க் கருமாதியா பண்ணப்போறோம்? சந்தை முடிஞ்சிடும் மேஸ்திரி!"

"அது ரெண்டும் கிடைக்காம இந்த எஞ்சினை நான் ஓட விடமாட்டேன்."

குரல் உயரவில்லை. ஆனாலும் அதில் இருந்த ஏதோ ஒன்று, எஞ்சினை முடுக்கப் போன அவள் கையை நிறுத்தியது.

ஒன்று ரப்பர்க் குழாயின் வளைவில் சிக்கியிருந்தது. இன்னொன்று அதற்கும் அப்பால், எஞ்சின் சூட்டை ஆற்றும் கூலரின் வாயில், வெளியே தெரியாமல் பதுங்கியிருந்தது. வளைத்த கம்பியால் முக்கால் மணி நேரம் துழாவி எடுத்தான். இரண்டையும் அந்த நாலு இதழ் சக்கரத்தோடு பொருத்திப் பார்த்தான். "ஆறு" என்றான். பரீட்சையில் தேறிய பிள்ளைபோல ஒரு பெருமூச்சு வேறு.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எஞ்சினை முடுக்கினாள். பின்னால் புகைக்குழாய், எஞ்சினைக் குளிர்வித்து வந்த கடல்நீரைக் குபுக் குபுக்கென்று துப்பியது. அந்தச் சத்தம் அவளுக்கு எத்தனை இனிமையாக இருந்தது!

ஃபிளாஸ்கிலிருந்த வெந்நீரைக் கசப்பு இலைத்தூள் மேல் ஊற்றி, அந்த ஊர்த் தேநீரான மாத்தே ஒரு குடுவை நீட்டினாள். வீட்டிலும் படகிலும் அங்கே எல்லோருக்கும் ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல்தான். குடித்துவிட்டுச் சும்மா திருப்பிக் கொடுத்தால் இன்னொன்று ஊற்றுவார்கள். 'நன்றி' என்றால் போதும், இனி வேண்டாம் என்று பொருள். மூன்று நான்கு சுற்றாவது போகாமல் யாரும் நன்றி சொல்வதில்லை.

"நீங்க யார் வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டுக்கொண்டே உறிஞ்சினான்.

"கெனாக்ல மான்சில்லா வீடு. எவரிஸ்தோவோட தங்கச்சி. கேள்விப்பட்டிருப்பீங்களே... வால்வைத் திறக்க மறந்துட்டு எஞ்சினைத் தீய விட்டு, பாறையில மோதிச் செத்தான்னு ஊரெல்லாம் பேசுச்சே, அந்த எவரிஸ்தோ."

குழல் அவன் உதட்டிலேயே நின்றது. அவன் முகம் சுண்ணாம்புச் சுவர்போல வெளுத்தது. காலிக் குடுவையை அவள் கையில் வைத்தான்.

"நன்றி" என்றான்.

ஒரே ஒரு குடுவைக்கு நன்றி! நோல்வியாவின் முகம் சுண்டிப் போனது. 'பெரிய துரை... எங்க வீட்டுத் தண்ணி இறங்காதாக்கும்!'

*

ஆனாலும் புதன்தோறும் அச்சாவ் படகுத்துறையில் அவன் வந்து நின்றான். பம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பான். மூட்டைகளை இறக்கிக் கொடுப்பான்.

"பம்புக்குத்தான் நலம் விசாரிப்பு. பம்போட சொந்தக்காரி எப்படி இருக்கான்னு கேக்க நேரமில்லையோ?"

"சொந்தக்காரி நல்லா சண்டை போடறாங்க. அப்ப நல்லாத்தான் இருக்காங்கன்னு அர்த்தம்..."

சிரிப்பான். சிரித்த மறுகணமே ஏதோ திருட்டுச் சாமானைத் தொட்டுவிட்டவன்போல அந்தச் சிரிப்பை மறைத்துக்கொள்வான். அவள் மாத்தே கொடுத்தால் ஒன்று குடிப்பான். நன்றி. அதோடு சரி. பிடிக்கவில்லை என்றால் ஏன் வருகிறான்? பிடித்திருக்கிறது என்றால் ஏன் ஓடுகிறான்? இரண்டுக்கும் நடுவில் நோல்வியாவுக்குத் தூக்கம் போனது. புதன்கிழமை எப்போது வரும் என்று ஏங்குகிற நிலைக்கு வந்துவிட்டாள். அண்ணன் போனதிலிருந்து தனிக்கட்டையாக இருந்தவள் அவள்.

ஜூன் மாதக் கடைசியில், மீனவர்களின் காவலரான சான் பெத்ரோவின் திருநாள். புனிதர் சிலையை ஏற்றிக்கொண்டு தீவுப் படகுகள் எல்லாம் ஊர்வலம் போயின. நோல்வியாவின் படகு மட்டும் கெனாக் கரையிலேயே கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு எலியேசர் தேடி வந்தான். அவள் கொட்டகையில், துருப்பிடித்த ஒரு எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாறையில் உடைந்த படகிலிருந்து ஊர்க்காரர்கள் மாடு கட்டி இழுத்து வந்து போட்ட எவரிஸ்தோவின் எஞ்சின்.

"ஊர்வலத்துக்கு வரலையா?"

"எந்த மூஞ்சியோட வர்றது?" அவள் நிமிரவில்லை. "அன்னிக்கு வால்வைத் திறந்தீங்களான்னு கேட்டப்ப ஏன் அப்படிக் கத்தினேன் தெரியுமா? எங்கண்ணன் மறக்கலை... முந்தின நாள் சாயங்காலம் வால்வை மூடினது நான். மூடினதை அவன்கிட்டச் சொல்லலை. விடியக்காலை அவசர அவசரமா எடுத்துட்டுப் போனான். ஊர் அவனைப் பழி சொல்லுது. நான் வாயைத் திறக்கலை. மூணு வருஷமா... நான்தாங்க அவனைக் கொன்னேன்."

கூரையில் மழை.

எலியேசர் அந்தத் துருப்பிடித்த எஞ்சினைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும். அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆறுதல் சொன்னால் போதும், அவள் அவனுக்குத்தான். அது அவனுக்கும் தெரியும்.

கருவிப் பெட்டியை எடுத்து வந்தான்.

துருவேறிய திருகுகள் லேசில் வரவில்லை. பம்பின் மூடியைப் பெயர்த்து, உள்ளேயிருந்த சக்கரத்தை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"எண்ணுங்க."

"ஆறு..."

"ஒண்ணுகூட தீயலை, கிழியலை. தண்ணி இல்லாம ஓடியிருந்தா ரெண்டே நிமிஷத்துல ரப்பர் கருகிப் பொடிஞ்சிருக்கும். வால்வு திறந்துதான் இருந்துச்சு. உங்கண்ணன் மறக்கலை... திறந்துட்டுத்தான் போயிருக்கார். நீங்க கொல்லலை."

அவன் கூலரின் மூடியைக் கழற்றி, கம்பியை உள்ளே விட்டு வளைத்தான். இரண்டு கறுப்புத் துண்டுகள் விழுந்தன. உப்புப் படிந்த பழைய ரப்பர் இதழ்கள்.

"இது அதுக்கு முந்தின சக்கரத்தோடது. முந்தின நாள் மாத்தினவன் இதைத் தேடியிருக்கணும். தேடலை. இது தண்ணியைப் பாதி அடைச்சிருக்கு. புயல்ல வேகம் கூட்டினதும்..." அவன் அந்தத் துண்டுகளைக் கையில் எடுத்தான். "கடல் வத்துது, படகு தரைதட்டிடும்னு உங்கண்ணன் அவசரப்பட்டார். புதுசை மாட்டி அனுப்பிட்டேன். ஒரு மாசம் கழிச்சுக் குப்பைப் பெட்டியில அந்தப் பழசைப் பாத்தேன். நாலு இதழ்தான் இருந்துச்சு... நான்தாங்க அது. அன்னிக்கு நீங்க பேர் சொன்ன நிமிஷமே சொல்லியிருக்கணும். சொன்னா உங்களை மறுபடி பாக்க முடியாதேன்னு... கோழையாட்டம் இருந்துட்டேன்."

நோல்வியா அந்த ஆறு இதழ் சக்கரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கதறினாள். மூன்று வருடத்துக் கண்ணீர் அது. விடுதலையா, இடியா, அவளுக்கே தெரியவில்லை.

"போயிடுங்க" என்றாள்.

*

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து ஊரே வெளியே வந்தபோது, தேவாலய முற்றத்தில் எலியேசர் மழையில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். "எவரிஸ்தோ வால்வைத் திறக்க மறக்கலை. தப்பு அவர் மேல இல்லை. என் மேல" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னான். இரண்டு துண்டுகளையும் எடுத்துக் காட்டினான். யாரோ காறித் துப்பினார்கள். துடைத்துக்கொள்ளாமல் நடந்து போய்ப் படகேறினான். நோல்வியா தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் தேடி அவன் கண்கள் ஒருமுறைகூட அலையவில்லை.

ஒரு புதன் போனது. இன்னொரு புதன் போனது. துறையில் அவன் இல்லை.

மூன்றாம் புதன் அவள் அச்சாவ் போகவில்லை. படகை நேரே தல்காவேக்கு விட்டாள். பட்டறையில் அவன் குனிந்து ஏதோ ராவிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அரம் கையிலிருந்து நழுவியது. இளைத்திருந்தான்.

"பம்பு... பம்புல ஏதாவது..."

"பம்பு நல்லா இருக்கு." அவள் ஃபிளாஸ்கைத் திறந்தாள். "மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரலை. இன்னும் மன்னிக்கலை. உன் கையைப் பாத்தா எங்கண்ணன் ஞாபகம்தான் வருது. ஒருவேளை சாகற வரைக்கும் வரும்..."

அவன் தலைகுனிந்தான்.

"ஆனா நீ இல்லாத அந்தத் துறையில என்னால நிக்க முடியலை எலியேசர். உன்மேல ஆசையா இருக்கேன். அழுதுக்கிட்டே ஆசையா இருக்கேன். இதை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை. அதான் உன்கிட்டயே வந்துட்டேன்."

குடுவையை நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அழுதுகொண்டே குடித்தான். மாத்தே தீர்ந்து, குழல் வெறும் காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவள் அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லிவிடுவானோ அந்த வார்த்தையை...

"நோல்வியா... நான் உன்னை..." அதற்குமேல் அவனுக்கு வரவில்லை.

காலிக் குடுவையை அவள் கையில் வைத்தான். நன்றி சொல்லவில்லை.

அவள் மறுபடி வெந்நீரை ஊற்றினாள்.