நல்லகாமன் களத்துப் பிடிமண்

சாமி அலமாரியில் கலயத்துக்குள் வைத்திருந்த பிடிமண், சாயங்காலம் விளக்கேற்றப் போனபோது ஈரமாயிருந்தது. நேற்று டி. கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்தபோது மாவாக உதிர்ந்த மண், இப்போது பிசைந்து வைத்தது மாதிரி சிவபாண்டியின் விரலில் ஒட்டியது. மோந்து பார்த்தான். வருசக்கணக்கில் பூட்டிக் கிடந்த அறையின் புழுக்க வாடை, அதற்குள்ளே ஊறிப்போன சோளத்தின் புளிப்பு.

“ஜோதி, இதுல தண்ணி கிண்ணி ஊத்துனியா?”

படுக்கையறையில் விளக்கு எரியவில்லை. எட்டு மாசக்காரி, அசந்து தூங்குகிறாள் என்று விட்டுவிட்டான்.

அந்தப் பிள்ளைக்காகத்தான் இத்தனை அலைச்சலும். முந்தி இரண்டும் தங்கவில்லை. இதுவும் போனால் நாகஜோதி பிழைக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். “குலசாமிய அநாதையா விட்டுட்டு, பிள்ளை மட்டும் எப்படிய்யா நிக்கும்?” என்று குறி பார்த்த கோடாங்கி கேட்டதிலிருந்து மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை. எந்த ஊர், எந்தச் சாமி, யார் கண்டது? தாது வருசப் பஞ்சத்தில் தாத்தாவுக்குத் தாத்தா நல்லகாமன் இராவோடு இராவாக அவனியாபுரம் வந்து சேர்ந்தார் என்பது ஒன்றுதான் வீட்டில் மிச்சமிருந்த பேச்சு. ஏன் வந்தார் என்று ஒருத்தனும் கேட்டு வைக்கவில்லை.

லேத் பட்டறையை அடைத்துவிட்டு ஊர் ஊராக விசாரித்தான். கடைசியில், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மலைச்சாமி என்பவர்தான், “நல்லகாமன் களமா? அந்தா” என்று கைகாட்டினார். களத்து நடுவில் ஒரு பலகைக்கல், அதன்மேல் மஞ்சளும் அணைந்த விளக்கும். சாமி கிடைத்துவிட்டது! “பொறுங்கண்ணே, எங்க ஆளுகளக் கூட்டியாரேன். கேக்காமத் தொடக்கூடாது” என்று போன் நம்பரை வாங்கிக்கொண்டு அவர் ஓடினார். இவன் பொறுப்பானா? என் பாட்டன் களத்து மண்ணுக்கு இந்த ஆட்டுக்காரன் ஆளுகளிடம் நான் போய்க் கேட்கவா என்று வீம்பு. மேல்மண் இறுகிக் கிடக்கவே, காரிலிருந்த ஜாக்கி லிவரால் கல்லை நெம்பி, வீட்டில் வைத்துக் கும்பிட அடிமண்ணில் மூன்று பிடி அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

இப்போது போன் அடித்தது. மலைச்சாமி. வீட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வந்ததில் பேச்சு பிடிபடாமல், சிவபாண்டி மொட்டைமாடிக்கு ஏறினான்.

“கல்ல நெம்புனது நீங்கதானண்ணே?”

“எங்க சாமி, எங்க மண்ணு. எடுத்தேன்.”

“உங்க சாமியா? அவ எங்க இருளாயிண்ணே. பஞ்சத்துல கைப்பிள்ளைக்கு ஒரு வாய் சோளம் எடுக்க உங்க நல்லகாமனோட தானியக் குழிக்குள்ள இறங்குனா. பிள்ளை இடுப்புல. அம்புட்டுத்தான். உங்காளு கல்லப் போட்டு மூடிட்டாரு. உள்ள பிறாண்டுற சத்தம் ஊருக்கே கேட்டுச்சாம். அவரு ஓடுனது பஞ்சத்துக்குப் பயந்து இல்ல.”

“இப்ப என்ன செய்ய?”

“குழி தூந்து போச்சு, அவ போகல. கேட்டது உங்க வம்சத்துல ஒரு பிள்ளை. வெளிய வந்துறக் கூடாதுன்னுதான் நாங்க இம்புட்டு நாளும் கல்லு மேல விளக்கு வச்சோம். நீங்களே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டீங்களேண்ணே!”

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன், மாடிப்படியில் விழுந்தடித்து இறங்கினான். மண்ணைக் கொண்டுபோய் இப்போதே போட்டுவிட வேண்டும். கல்லை மூடிவிட வேண்டும்.

அலமாரியில் கலயம் இல்லை.

கரக். கரக்.

படுக்கையறையில்தான். விளக்குப் போடவில்லை. அதே சோளப் புளிப்பு, இப்போது மூக்கை அடைத்தது.

தரையில் உட்கார்ந்திருந்தாள் நாகஜோதி. முதுகு இவன் பக்கம். மடியில் கலயம். அடிமண்ணை நகத்தால் சுரண்டிச் சுரண்டி வாயில் போட்டாள்.

மசக்கை, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிள்ளைத்தாச்சிகள் சாம்பல் தின்பதில்லையா? மண் தின்பதில்லையா?

“துப்பு ஜோதி. துப்பிரும்மா.”

விழுங்கினாள். கலயம் காலி. கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

கரக். கரக்.

சத்தம் நிற்கவில்லை.

அவள் திரும்பி, அவன் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். சில்லென்றிருந்தது. சதை இல்லை. நேற்று அவன் நெம்பிய அதே சொரசொரப்பு, அதே விளிம்பு.

கல்.

“பிள்ளைக்கு மூச்சு முட்டுது சாமி.” நாகஜோதி ஒருநாளும் அவனைச் சாமி என்று கூப்பிட்டதில்லை. பல்லிடுக்கில் மண். சிரித்தாள். “கல்லத் தூக்கச் சொல்லி அழுகுது. நானும்தான் அழுதேன். உங்க பாட்டன் தூக்கலையே.”

கையை இழுத்தான். அவள் விடவில்லை. உள்ளங்கைக்கு அடியில், கல்லுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சின்னஞ்சிறு நகங்கள் பிறாண்டிக்கொண்டேயிருந்தன.