பல்லில் தேய்த்த முத்து

வீட்டில் எல்லாரும் அவளைப் போலீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஒன்பதுதான். ஆனால் அப்பா விடும் குறட்டை உண்மையா நடிப்பா என்று, மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கும் ரகம்.

அன்று அக்கா அவளை நகைக்கடைக்குக் கூட்டிப் போனாள். அம்மாவின் பிறந்தநாளுக்கு முத்துமாலை வாங்கவேண்டும். அதற்காக அக்கா ஒரு வருடமாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்திருந்தாள்.

"எனக்கு முத்தைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுடி. ஏமாத்திட்டாங்கன்னா அவ்வளவுதான்!"

"நான் எதுக்கு இருக்கேன்?" என்று உள்ளங்கையை விரித்தாள் போலீஸ். பள்ளி நூலகத்துப் புத்தகத்தில் படித்ததைப் பேனாவால் எழுதி வைத்திருந்தாள். 'பல், துளை.' மூன்றாவது வார்த்தை வியர்வையில் அழிந்திருந்தது.

கடைக்காரரைப் பார்த்ததுமே அவளுக்குப் பிடிக்கவில்லை. அவர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை.

"திருட்டு முழி," என்று அக்காவின் காதில் சொன்னாள்.

"சும்மா இருடி!"

கடைக்காரர் இரண்டு மாலைகளை எடுத்து வைத்தார். ஒன்றில் எல்லா மணியும் அச்சில் வார்த்தது போல ஒரே உருண்டை, ஒரே பளபளப்பு. அதன் விலைச்சீட்டில் அக்காவின் ஒரு வருடச் சேமிப்பு அப்படியே இருந்தது. இன்னொன்றில் ஒரு முத்து லேசாகச் சப்பை, ஒன்று கொஞ்சம் மஞ்சள். அதன் விலை பத்தில் ஒரு பங்குதான்.

"பளபளன்னு இருக்கிறதையே குடுங்க," என்று அக்கா பைக்குள் கையை விட்டாள்.

"இரு!" என்றாள் போலீஸ். "அங்கிள், பல்லுல தேய்ச்சுப் பார்க்கலாமா?"

"தாராளமா பாரு பாப்பா. கடிச்சு மட்டும் வச்சிடாதே."

இவ்வளவு சுலபமாக அனுமதி கொடுக்கிறாரே! அவளுடைய சந்தேகம் இன்னும் கூடியது.

பளபள மாலையைத் தேய்த்தாள். டீ கப்பின் விளிம்பு போல வழுக்கியது. மேசைமேல் இருந்த பூதக்கண்ணாடியை எடுத்துத் துளையைப் பார்த்தாள். ஓரத்தில் பூச்சு உரிந்திருந்தது, பழைய நகப்பூச்சு மாதிரி.

"அக்கா, இது போலி! அசல் முத்து நறநறன்னு இருக்கணும்," என்று கிசுகிசுத்தாள்.

அக்காவின் முகம் வெளுத்துப்போனது.

கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது. கத்தியிருப்பாள். ஆனால் விசாரணையைப் பாதியில் விடலாமா? சப்பை முத்து மாலையையும் தேய்த்துப் பார்த்தாள். நறநற! துளையும் சுத்தமாக இருந்தது. அது அசல்.

போலீஸுக்குத் தலை சுற்றியது. போலியை அதிக விலைக்கு விற்பவர், அசலை எதற்கு இவ்வளவு மலிவாக விற்கிறார்?

"வாயைத் திறக்காதே," என்று அக்கா அவள் கையை அழுத்தினாள். "மலிவு மாலையையே வாங்கிடலாம். மிச்சப் பணத்துல உனக்கு சைக்கிள்!"

போலீஸ் முதல் முறையாக அக்காவையே சந்தேகத்தோடு பார்த்தாள். சைக்கிள்! மணி வைத்த சிவப்பு சைக்கிள் கண் முன்னால் ஓடியது.

கடைக்காரர் ரசீதுப் புத்தகத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். அப்போதுதான் அவருடைய மூக்கின் இருபுறமும் இருந்த பள்ளம் அவள் கண்ணில் பட்டது.

"அங்கிள், நீங்க மூக்குக்கண்ணாடி போடுவீங்களா?"

"ஆமா பாப்பா, உடைஞ்சுபோச்சு. ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன். காலையிலேருந்து எல்லாமே குத்துமதிப்புதான். விலைச்சீட்டைக் கூடத் தடவித் தடவித்தான் கட்டினேன்."

அக்கா கூரையைப் பார்த்தாள். போலீஸ் இரண்டு விலைச்சீட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். சைக்கிள் மெல்லத் திரும்பிப் போய்விட்டது.

"அங்கிள், சீட்டு ரெண்டும் மாறிப்போச்சு."

அவர் பதறிப்போய் இரண்டையும் பல்லில் தேய்த்துப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நாடகத்துக்குப் போடுற மணிமாலை இது! இதை அந்த விலைக்கு வித்திருந்தா நாளைக்கு எவன் என் கடைக்குள்ள வருவான்? நல்ல மாலையையும் சும்மா தூக்கிக் குடுத்திருப்பேனே! பாப்பா, நீ நல்லா இருக்கணும்!"

அக்கா முகம் சிவந்தபடி முழுப் பணத்தையும் கொடுத்து, சப்பை முத்து மாலையை வாங்கினாள்.

"சைக்கிள் போச்சேடி," என்றாள் தெருவில்.

"நீ எப்படியும் வாங்கித் தந்திருக்க மாட்டே. எனக்குத் தெரியும்."

பிறந்தநாள் அன்று அம்மா பெட்டியைத் திறந்தார். கண் கலங்கியது. பிறகு சட்டென்று கண்ணைச் சுருக்கினார்.

"எந்தக் கடை? நல்லாப் பார்த்துத்தான் வாங்கினீங்களா?" என்றபடி மாலையை எடுத்துப் பல்லில் தேய்த்தார்.

நறநற!

"இந்தப் போலீஸ் புத்தி எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது," என்று அக்கா போலீஸைப் பார்த்தாள்.

அம்மா சிரித்துக்கொண்டே மாலையைப் போட்டுக்கொண்டார். தூங்கப் போகும்வரை கழற்றவே இல்லை.