கிணறு நிரம்பிவிட்டது என்றொரு புகார்

“என் கிணறு நிரம்பிடுச்சு சார். அதான் புகார்.”

தக்காளித் தோட்டக்காரி இப்படிச் சொன்னதும், துப்பறிவாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மைத்துனன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் கொண்டுவந்த கலங்கல் தண்ணீர் பாட்டிலை மேசைமேல் ணங்கென்று வைத்தாள்.

“சிரிங்க தம்பி. பக்கத்துக் கல்குவாரியால கிணறு வத்திப்போச்சு, இன்னும் ஆழமாத் தோண்ட அனுமதி குடுக்காதீங்கன்னு மனு போட்டவ நான். இன்னிக்கு மத்தியானம் சுற்றுச்சூழல் அதிகாரி அளக்க வர்றாரு. நேத்து சாயங்காலம் வரைக்கும் அடியில வெறும் சேறு. விடிஞ்சு பார்த்தா நிறைய தண்ணி! இப்ப நான்தான் பொய்க்காரி. அனுமதி கிடைச்சுட்டா என் தோட்டம் அதோட முடிஞ்சது.”

“மழை?” என்றார் துப்பறிவாளர்.

“மாசக்கணக்கா ஒரு பொட்டு இல்ல.”

“டேங்கர் லாரியில கொண்டாந்து ஊத்தியிருப்பாங்க மாமா!” என்று துள்ளினான் மைத்துனன்.

“என் தோட்டத்துக்கு வரப்புதான் வழி. லாரி என்ன பறந்தா வரும்?”

அவன் முகம் தொங்கிப்போயிற்று. துப்பறிவாளர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் தண்ணீர் தெளிந்து, அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ மாவு போலப் படிந்திருந்தது. “வாங்க, முதல்ல அந்தக் குவாரியைப் பார்ப்போம்” என்று எழுந்தார்.

தோட்டத்து வேலி ஓரமாக நின்றே குவாரிக் குழியைப் பார்க்க முடிந்தது. குழியில் தண்ணீர் இல்லை. ஆனால் அடித்தரை சொதசொதவென்று கிடந்தது. பாறைச் சுவர் ஆள் உயரத்துக்கு ஈரமாக, கறுத்துப்போய் இருந்தது.

மத்தியானம் அதிகாரி அளவு நாடாவோடு கிணற்றடிக்கு வந்தார். குவாரி முதலாளியும் பல்லெல்லாம் தெரியக் கூடவே வந்தார்.

“பாருங்க சார், கிணறு எப்படி நிறைஞ்சு கிடக்குது! அக்கா சும்மா வயித்தெரிச்சல்ல மனு போட்டிருக்காங்க.”

அவளுக்கு அழுகை முட்டியது. இந்த ஆள் முன்னால் அழுவதாவது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“உங்க குழியில தண்ணி ஊறுதா?” என்று சாவகாசமாகக் கேட்டார் துப்பறிவாளர்.

“ஒரு சொட்டு கிடையாது. குழி நிலத்தடி நீரைத் தொடவே இல்லைன்னு அனுமதிக்குக் குடுத்த எங்க திட்டத்துலயே இருக்கு.”

துப்பறிவாளர் பாட்டிலை அதிகாரியிடம் நீட்டினார். “காலையில இந்தக் கிணத்துல மொண்டது. அடியில என்னன்னு பாருங்க.”

அதிகாரி மேலே தெளிந்திருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, வண்டலை விரலில் தேய்த்துப் பார்த்தார். “கல் மாவு.”

“காத்துல பறந்து வந்து விழுந்திருக்கும்” என்றார் முதலாளி அவசரமாக.

“தூசி வேலியைத் தாண்டாதுன்னும் அதே திட்டத்துலதானே எழுதியிருக்கீங்க? இவங்க காட்டின நகல்ல படிச்சேன். வந்தது தூசியா, தண்ணியா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க.”

முதலாளி வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“நானே சொல்றேன். தூசி விழுந்து கிணறு நிரம்பாது. குழிச்சுவர்ல ஆள் உயரத்துக்கு ஈரம் இருக்கு. நேத்து வரைக்கும் அங்க தண்ணி நின்னுது. அதிகாரி வர்றதுக்குள்ள குழி காயணும், கிணறு நிறையணும். வேலிக்கு மேல குழாயைப் போட்டு, அங்க இருந்ததை இங்க இறைச்சுட்டீங்க. மழையே இல்லாம உங்க குழிக்கு அவ்வளவு தண்ணி எங்கேருந்து வந்துச்சு? இவங்க ஊத்துலேருந்துதான். அதுக்கு சாட்சியை நீங்களே கொண்டாந்து ஊத்திட்டீங்க.”

மைத்துனன் கைதட்டியேவிட்டான். முதலாளி அவள் பக்கம் திரும்பிக் குழைந்தார்.

“எதுக்கு வம்பு அக்கா? தினமும் பம்பு போட்டு உங்க கிணத்தை நானே நிரப்பித் தர்றேன். மனுவை மட்டும் வாபஸ் வாங்கிடுங்க.”

வாடி நின்ற தக்காளிச் செடிகளை அவள் ஒரு கணம் பார்த்தாள். தினமும் தண்ணீர் என்றதும் ஆசையாகத்தான் இருந்தது. அந்த ஆசையே அவளுக்குக் கோபத்தைக் கிளப்பிவிட்டது.

“என் தண்ணியைத் திருடி எனக்கே படியளக்கறீங்களா?”

விடுவிடுவென்று மோட்டார் கொட்டகைக்குள் போனாள். “சார், கொஞ்சம் உக்காருங்க. இவர் ஊத்தினதை இறைச்சுடறேன். அப்புறம் அளங்க.”

மோட்டார் உறுமியது. வெளுத்த தண்ணீர் வாய்க்காலில் குபுகுபுவென்று பாய்ந்து செடிகளுக்கு ஓடியது. அதிகாரி நாடாவைச் சுருட்டிக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்தார்.

“நிறுத்துங்க!” என்று கத்தினார் முதலாளி.

“நீங்க முதல்ல தோண்டுறதை நிறுத்துங்க” என்றாள் அவள்.