ஒன்பதாம் படியின் கடைசி வரி

சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பக்கத்தைக் காணவில்லை.

"நேத்து வரைக்கும் இருந்துச்சு அண்ணி!" டீச்சர் திரையை அண்ணி பக்கம் திருப்பினாள். வார நாட்களில் அவளுக்குப் பள்ளிக்கூடம், சனிக்கிழமைகளில் இந்த சைக்கிள் கடை மாடி. நூலகங்களுக்காக நாலு பேர் கூடி இலவசமாக எழுதும் மென்பொருளுக்கு அவள்தான் கையேடு எழுதுகிறாள். ஐந்து மணிக்குப் புதிய பதிப்பு வெளியாக வேண்டும். தவறி அழித்த புத்தக விவரத்தை மீட்பது எப்படி என்று அவள் ஒன்பது படிகளாக எழுதிய பக்கம் மாயம். 'பயப்படாதீங்க, எதுவும் தொலைஞ்சு போகலை' என்று முடியும் பக்கம் அது. அந்த வரிக்காகவே அவள் ஒரு நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"என் எழுத்துக்கு இங்க மதிப்பு இல்லேன்னா, இன்னையோட நான் வரலை."

அண்ணி எழுந்து வந்தாள். எழுதுகிறவர்களையும் நிரல் போடுகிறவர்களையும் சேர்த்து ஓட்டுவது அவள் பொறுப்பு. டீச்சர் இல்லாவிட்டால் வண்டி நகராது. கையேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் நிரலில் உள்ள ஒரு கட்டளையோடு முடிச்சுப் போட்டு வைத்தவளும் அண்ணிதான்.

திருத்தப் பதிவைத் திறந்தாள். நீக்கியவர் என்ற இடத்தில் ஆள் பெயர் இல்லை. 'தானியங்கி' என்றிருந்தது.

"மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு," என்றார் நொட்டை. மென்பொருளைச் சோதித்துக் குறை சொல்வது அவர் வேலை, பெயருக்கேற்ற மனுஷன். "இல்லேன்னா யாரோ ஏவி விட்டிருக்காங்க."

எல்லாக் கண்களும் புயல் பக்கம் திரும்பின. புயல் என்பது பட்டப்பெயர்; நிரல் எழுதுபவன், அண்ணியின் கொழுந்தன். "கையேட்டையெல்லாம் எவன் படிக்கிறான்?" என்று போன வாரம்தான் டீச்சரிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"தம்பி, பக்கத்தைத் தொட்டியா?"

"சத்தியமா தொடலை அண்ணி."

"படிச்சியா?"

"நானா? நமக்கெதுக்கு அது?" நகத்தைக் கடித்தான்.

"ம்ம்," என்றாள் அண்ணி. அந்த 'ம்ம்'முக்கு வீட்டில் அவள் புருஷனே உண்மையைக் கக்கிவிடுவார். "நொட்டை சார், புதுப் பதிப்புல அழிக்கிறதைச் சோதிச்சீங்களா?"

"அது இன்னும் பாக்கி."

"இப்ப ஒரு புத்தகத்தை அழிங்க."

அழித்தார். திரையின் அடியில் ஒரு பொத்தான் எட்டிப் பார்த்தது: 'திரும்ப எடு'. அதன் கீழே சின்ன எழுத்தில்: 'பயப்படாதீங்க, எதுவும் தொலைஞ்சு போகலை.'

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மெஷினுக்குக் கிறுக்கு இல்ல," என்றாள் அண்ணி. "நிரல்ல ஒரு கட்டளை போச்சுன்னா, அதோட முடிச்சுப் போட்ட பக்கத்தையும் மெஷினே எடுத்துரும். நாம வச்ச வழக்கம், நாமளே மறந்துட்டோம். பழைய மீட்புக் கட்டளையைத் தூக்கினது இந்தப் புயல்தான். ஒன்பது படி வேலையை ஒரே பொத்தான்ல அடக்கிட்டான். சரி, இந்த வரி இவனுக்கு எப்படித் தெரியும்? இது ஒன்பதாம் படியோட கடைசி வரி. முழுசாப் படிக்காதவன் எடுத்திருக்க முடியாது."

"மாட்டினான்!" என்றார் நொட்டை.

புயல் தலையைச் சொறிந்தான். "மூணு தடவை படிச்சேன் டீச்சர். ஜனங்களை ஒன்பது படி ஏற வச்சது என் நிரலோட தப்புன்னு அப்பத்தான் உறைச்சுது. சொல்ல வெட்கமா இருந்துச்சு. வாய் கிழியப் பேசினது நான்தானே?"

"அடப்பாவி, மூணு தடவையா?" டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அந்தப் பொத்தானுக்கும் ஒரு பக்கம் வேணும்ல? நகரு."

ஐந்து மணிக்குப் பதிப்பு வெளியானது. புதிய பக்கத்தில் ஒரே ஒரு படி. அதன் அடியில் அண்ணி தன் கையாலேயே சேர்த்திருந்தாள்: எழுதியவர் டீச்சர், முழுதும் படித்தவர் புயல்.