மனிதருக்கான விருந்து முறை

இரண்டாவது சூரியன் எழுந்ததும் ஹேமலதா வழக்கம்போல் இடது காதிலிருந்து மொழிமணியைக் கழற்றி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினாள். அந்தக் கிரகத்தின் தூசி உள்ளே புகுந்துவிட்டால் போச்சு. முரலர்கள் "வாருங்கள்" என்று முனகுவது "தொலைந்து போங்கள்" என்று தமிழில் வந்து விழும். முரலர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். தொண்டைக்குள் வண்டு பறப்பதுபோன்ற முனகல்தான் அவர்களுடைய பேச்சு. அவர்களுக்கும் பூமியிலிருந்து குடியேறிய மனிதர்களுக்கும் உரசல் வராமல் பார்த்துக்கொள்வது ஹேமலதாவின் உத்தியோகம். பண்பாட்டுத் தொடர்பு அதிகாரி என்று வாசலில் பலகை தொங்கியது.

அன்று ஆத்திரத்தில் அதைத் தேவைக்கு அதிகமாகவே தேய்த்தாள்.

முந்தைய நாள் முரலர் தலைவி மூர்ணா அவளை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்திருந்தாள். கல் மேசையைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் பளபளக்கும் கிண்ணங்களில் சூடான பாசிச்சாறு குடித்தார்கள். வெளியூரிலிருந்து வந்த முரலருக்கும் அதே மேசை, அதே கிண்ணம். ஹேமலதாவுக்கு மட்டும் வாசலோரம் தரையில் இடம். ஜன்னல் விளிம்பில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த நசுங்கிய குவளையை நீட்டி, விரல் படாமல் உயரத்திலிருந்து சாற்றை ஊற்றினார்கள். குடித்ததும் அவளையே கழுவிக் கவிழ்க்கச் சொன்னார்கள்.

குடியேறிய மனிதர்களின் ஆட்சிக்குழு அவசரமாகக் கூடியது. விளக்கம் கேட்க மூர்ணாவையும் அழைத்திருந்தார்கள். தலைவர் அருள்தாஸ் தயங்கினார்.

"மேடம், நம்ம குடிதண்ணி அவங்க ஊத்துலேருந்துதான் வருது. கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க."

"வராட்டி வரட்டும் சார்! வாசல்ல உக்கார வெச்சு, தனிக் குவளையில ஊத்திக் குடுத்திருக்காங்க. ஒரு மனுஷிய மனுஷியா நெனைக்கத் தெரியாதவங்களோட நமக்கு என்ன உறவு வேண்டிக்கிடக்கு?"

மண்டபம் நிறையக் கைதட்டல். பல நாட்டு மனிதர்களும் அவரவர் மொழியில் கொதித்தார்கள்.

மூர்ணா எழுந்தாள். அவளுடைய நெடிய உடல் வாடிப்போயிருந்தது. அவள் முனகல் மொழிமணி வழியே பாடப்புத்தகத் தமிழாக வந்தது.

"மனிதர்களை முறைப்படி உபசரிக்க ஆசைப்பட்டோம். நீங்கள்தானே எங்கள் ஆளை ஒரு பருவம் முழுக்க உங்கள் வீட்டில் தங்கவைத்துப் பழக்கினீர்கள்? அங்கே தினமும் ஒருத்தி வருவாள். செங்கமலம் என்று பெயர்."

அந்தத் தூசியில் ரோபோக்கள் தாக்குப்பிடிக்கவில்லை. அதனால் வீட்டுவேலைக்குப் பூமியிலிருந்து ஒப்பந்தத்தில் ஆட்களை வரவழைத்திருந்தார்கள். ஹேமலதா வீட்டுக்கு வாய்த்தவள் செங்கமலம்.

"அவளுக்கு வாசலோரம் இடம். ஜன்னலில் நசுங்கிய தனிக் குவளை. அவள் யார் என்று எங்கள் ஆள் கேட்டதற்கு, 'செங்கமலம் எங்க வீட்டுல ஒருத்தி மாதிரி' என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். நீங்களும் எங்கள் வீட்டில் ஒருத்தியாக வேண்டும் என்றுதான் அப்படியே செய்தோம். எங்கள் ஊர் உலோகம் கெட்டியானது. அந்தக் குவளையை நசுக்கத்தான் மிகவும் சிரமப்பட்டோம்."

ஹேமலதாவுக்குக் கழுத்துவரை சூடேறியது.

"அது... அது வேற" என்றாள்.

மனிதர்களின் காதில் அது அவரவர் மொழியில் சரியாக விழுந்தது. முரலர் மொழியில் மட்டும் சொல் கிடைக்காமல் மணிகள் கரகரத்தன.

மூர்ணா பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு பணிவாகச் சொன்னாள்:

"பிழை எங்களுடையதாகவே இருக்கட்டும். எந்த மனிதருக்கு மேசை, எந்த மனிதருக்கு வாசல் என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள். எங்கள் கண்ணுக்கு நீங்கள் எல்லோரும் ஒன்றுபோலத்தான் தெரிகிறீர்கள்."

அருள்தாஸ் கூரையைப் பார்த்தார். பின்வரிசையில் சிலர் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். ஹேமலதா ஒரு கணம் செங்கமலத்தின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள். குனிந்த முதுகுதான் நினைவுக்கு வந்தது. அது அவளை ஏதோ செய்தது. ஆனால் அடுத்த கணமே கோபம் திரும்பி வந்து கைகொடுத்தது.

"என் வீட்டு அடுப்படியில நடக்கறத இவங்க எதுக்கு சார் நோட்டம் விடணும்? இது அத்துமீறல்! இனிமே ஒரு முரலர்கூட எந்த மனுஷன் வீட்டுக்குள்ளயும் காலெடுத்து வெக்கக் கூடாது. தீர்மானம் போடுங்க!"

குடியேறிய நாளிலிருந்து காற்று, தண்ணீர், கொடியின் நிறம் என்று எதிலுமே ஒத்துப்போகாத மனிதர்கள், அந்த ஒரு தீர்மானத்துக்கு ஒருவர் பாக்கியில்லாமல் கை தூக்கினார்கள்.