தென்னைமூட்டுத் தாய்

நாய்க்குட்டி பாலைத் தொடவே இல்லை. ஆனாலும் அதன் வயிறு நிரம்பி மினுங்கிக்கொண்டிருந்தது.

பிரிஸில்லா டீச்சர் இங்க் ஃபில்லரில் ஆட்டுப்பாலை எடுத்து மறுபடியும் ஊட்டிப் பார்த்தாள். கண் திறக்காத குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஈன்றதுமே செத்துப்போன தாய்நாயை, காய்ப்புக்கு நல்லதென்று அவள் கணவன் கிங்ஸ்டன் அடுக்களைக்குப் பின்னால் தென்னைமூட்டில் வேரோரமாகப் புதைத்துவிட்டு, வேலை விஷயமாகத் திருச்செந்தூர் போயிருந்தான்.

ஆட்டுப்பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டுக் கோமு குட்டியை முகர்ந்து பார்த்தாள். அதன் வாயில் ஈரமண் வாடை.

"டீச்சர், தாய் வந்து குடுத்துட்டுப் போகுது. குட்டிய அந்த மூட்டுல கொண்டு வச்சிருங்க. இல்லன்னா எடுக்க வரும்."

"வரட்டும் கோமு. வயித்துல சொமந்த ரெண்டையும் மண்ணுக்குக் குடுத்துட்டேன். இதக் குடுக்கமாட்டேன் பாத்துக்க."

கோமு பால் செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிற்பகலிலேயே மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஓட்டில் சடசடத்த மழைக்கும் வாய்க்கால் தவளைகளின் இரைச்சலுக்கும் அடியில், அடுக்களைப் பக்கம் ஏதோ பைய மண்ணைப் பிறாண்டுவது கேட்டது. நனைந்த ரோமமும் புளித்த பாலும் கலந்த வீச்சம் கதவிடுக்கு வழியே நுழைந்து அவள் தொண்டையில் ஒட்டியது. குட்டி கதவுப் பக்கம் தலையைத் தூக்கி முனகியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாய் உலர்ந்துபோனது. பயம்தான். பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

பிறாண்டல் நின்றது.

கதவுக்கு வெளியே மூச்சு.

தாழ்ப்பாள் அசைந்தது.

குட்டியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, அவளே போய்க் கதவைத் திறந்தாள்.

"உள்ள வா. வந்து பால் குடு. ஆனா பிள்ள இங்கனதான் கிடக்கும். எங்கயும் கொண்டுபோக விடமாட்டேன்."

அது வந்தது. பாயில் சரிந்து படுத்தது. கண்குழிகளில் மண் அப்பியிருந்தது. பிரிஸில்லா குட்டியை அதன் வயிற்றருகே விட்டாள். குட்டியின் முதுகில் வைத்த கையை மட்டும் எடுக்கவில்லை. குட்டி சப்பிச் சப்பிக் குடித்தது. கடைவாயில் சேறு வழிந்தது.

தாய் குட்டியை நக்கியது. பிறகு அவள் விரல்களையும் நக்கத் தொடங்கியது, ஒவ்வொன்றாக. சில்லென்ற நாக்கு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நக்கிக்க. விடமாட்டேன்."

குட்டி குடிப்பதை நிறுத்தியது. அவள் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பி, முதன்முதலாகக் கண் திறந்தது.

இரண்டு இமைகளுக்குள்ளும் ஈரமண்.