சின்னவர் எழுதும் கார்டு

கட்டைவிரலில் மை ஒட்டியிருந்தது.

அவள் விரலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நீல மை. அப்போதுதான் யாரோ எழுதிவிட்டுக் காயவைக்க மறந்துபோனது போல ஈரமாக இருந்தது. கையில் இருந்ததோ அவள் பிறப்பதற்கு முன்பே இந்த வீட்டுக்கு வந்துசேர்ந்த கார்டு. நடையில் மாட்டிய மரப்பலகையில், துருப்பிடித்த குண்டூசியில், அத்தனை வருஷமாக யார் கையும் படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஊசியைப் பிடுங்க இடுக்கி தேவைப்பட்டது, பிடுங்கும்போது அது பாதியில் உடைந்தும்போனது. ஊசி துருப்பிடிக்கும்வரை காயாத மை உலகத்தில் உண்டா?

சுவர் ஈரம்தான், வேறென்ன என்று துணியில் துடைத்துக்கொண்டாள். மழைக்காலம் வந்தால் இந்த வீட்டில் உப்பு ஜாடிகூடக் கசியும்.

அவளுக்குப் போட்டோ ஸ்டூடியோவில் வேலை. மங்கிப்போன கல்யாணப் படம், எலி கடித்த முகம், தண்ணீர் பட்டு ஒட்டிக்கொண்ட நெகட்டிவ் என்று எது வந்தாலும் கணினியில் ஏற்றிச் சரிசெய்துவிடுவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கண் இந்த வீட்டுக் கார்டுகள்மேல்தான். புகுந்த வீட்டுக்காரர்களுக்கு அப்படி ஒரு பைத்தியம். யார் விடுமுறைக்குப் போனாலும் போய் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு படக் கார்டு வாங்கி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஊருக்குப் போன கூட்டத்தில் எழுதத் தெரிந்தவர்களிலேயே சின்னவர் யாரோ, அவர்தான் எழுத வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் அதைப் பலகையில் குத்திவைப்பார்கள். எழுதியவர் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு, தானே அதை எடுத்து ஆல்பத்தில் ஒட்டுவார். அதுவரை அவர் ‘லீவில் இருக்கிறார்’. ஊருக்கெல்லாம் செல்போன் வந்த பிறகும் இந்தக் கூத்து நிற்கவில்லை.

ஆல்பங்கள் பதினொன்று. குடும்ப வரலாறே அவற்றில்தான் கிடந்தது. ‘அண்ணன் விடும் குறட்டையில் ஏரி மீன்களெல்லாம் அக்கரைக்குப் போய்விட்டன.’ ‘இங்கே மழை. சீட்டாட்டத்தில் சண்டை. நான் யாரிடமும் பேசப்போவதில்லை, அப்பாவிடம் சொல்லவும்.’ யாருக்கு எப்போது காய்ச்சல் வந்தது, யார் யாரோடு கோபித்துக்கொண்டார்கள், எந்த வருஷம் எந்தச் சித்தப்பா மொட்டையாக இருந்தார் எல்லாம் தேதியோடு இருந்தன. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே பெரிய படமாக அச்சடித்து நடையில் மாட்டிவிட வேண்டும், எல்லாரும் அசந்துபோக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆல்பங்கள் முடிந்துவிட்டன. பலகையில் இருந்த இரண்டு மட்டும்தான் பாக்கி.

ஒன்று இந்தப் பழையது. மாமனாரின் தங்கை எழுதியது. ஒரு முறை குடும்பத்தோடு ஏரிக்கரை விடுதிக்குப் போனாள், திரும்பி வரவில்லை. மூழ்கிவிட்டாளா, ஓடிப்போனாளா என்று யாரும் சொல்வதில்லை. கேட்டால் மாமனார் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். “அவ லீவுல இருக்கா.”

இன்னொன்று இவளுடைய மகள் எழுதியது. வீட்டில் எல்லாரும் ‘வாலு’ என்று கூப்பிடும் எட்டு வயதுக்காரி. பள்ளி விடுமுறைக்கு அப்பாவோடு அதே ஏரிக்கரை விடுதிக்குத்தான் போயிருந்தாள். ஸ்டூடியோவில் லீவு கொடுக்கவில்லை, அதனால் அவளால் போக முடியவில்லை. பிறந்ததிலிருந்து மகளைப் பிரிந்து இருந்ததில்லை. இன்று சாயங்காலம் வந்துவிடுவார்கள் என்று காலையிலிருந்தே வாசலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘அம்மா இங்க சூப்பர். அப்பா வழுக்கி விழுந்தாங்க. நான் சிரிச்சேன். உன்கிட்ட வரணும்போல இருக்கு.’ பச்சை ஸ்கெட்ச் பேனாவில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்த எழுத்துகள். போன வாரம் தபாலில் வந்த அன்று அதை நூறு தடவையாவது படித்திருப்பாள்.

இரண்டு கார்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கேனரை மூடினாள். உள்ளே வெளிச்சம் ஊர்ந்துபோன சத்தத்தோடு வேறொரு சத்தமும் கேட்டது, படகின் அடிப்பலகையில் தண்ணீர் மெல்ல அறைவது போல. நின்றுவிட்டது. கூரைத் தண்ணீராக இருக்கும். கார்டுகளை எடுத்து, பழையதற்குப் புது ஊசி போட்டு, படம் வெளியே தெரிய இரண்டையும் பலகையில் இருந்த இடத்திலேயே குத்தினாள். மகளின் கார்டைக் குத்தும்போதுதான் விரலில் ஏதோ நெருடியது. சொரசொரப்பு.

திருப்பினாள். ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. பச்சை எழுத்து வெளுத்து, தேநீர்க் கறை நிறத்துக்கு வந்திருந்தது. இப்படி ஒரு காகிதம் ஸ்டூடியோவுக்கு வந்தால், ‘நாற்பது வருஷம் இருக்கும் சார், மெதுவா பிடிங்க’ என்று சொல்லியிருப்பாள்.

பழையதைப் பார்த்தாள். அதன் அட்டை வெள்ளை வெளேர் என்று இருந்தது.

கணவனுக்குப் போன் போட்டாள்.

“எங்க இருக்கீங்க?”

“பாதி வழி. இங்க செம மழை.”

“வாலுகிட்ட குடுங்க.”

“தூங்கறா. பின்சீட்ல.”

தூங்கட்டும், தூங்கட்டும் என்று மூச்சை விடப்போனாள். அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பெண் குரல். அடங்கிய, களைத்த சிரிப்பு.

“யாருங்க அது?”

“எது? ரேடியோவா இருக்கும்.” வைத்துவிட்டான்.

மாமனார் மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து நடைக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில்கூட அவர் நடந்தால் யாரோ விசில் ஊதுவது போலத்தான் இருக்கும். பலகைக்கு முன்னால் வந்ததும் அந்த நடை நின்றது. புது ஊசி பளபளத்தது.

“தொட்டியாம்மா?”

“ஸ்கேன் பண்ணத்தான் மாமா. அஞ்சு நிமிஷம்கூட ஆகல.”

“ரெண்டையுமா? ஒண்ணா?”

“ஆமா. ஏன் மாமா? என்ன ஆச்சு?”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழைய கார்டின் ஓரத்தைத் தொடாமல் மோந்து பார்த்தார். “தொடக்கூடாதுன்னு எங்கப்பா சொன்னாரு. ஏன்னு நான் கேக்கல,” என்றார். பிறகு உள்ளே போய், தண்ணீர் வைத்துச் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார்.

ரேசர் கன்னத்தில் இழுபடும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. நடையில் பாசி வாடை வந்தது, அதோடு நனைந்த கம்பளியின் வாடை, எங்கோ எரியும் மண்ணெண்ணெய் வாடை. அவள் ஜன்னல்களைத் திறந்தாள், வாடை போகவில்லை. மூடினாள், அப்போதும் போகவில்லை. வெளிச்சம் மங்க மங்க, தரையில் எங்கிருந்தோ ஒரு அசைவு, தண்ணீரில் பட்ட வெயில் சுவரில் ஆடுமே அந்த மாதிரி, மழை மூடிய சாயங்காலத்தில், வெயிலே இல்லாத வீட்டில் ஆடிக்கொண்டிருந்தது. மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, தலையை வாரிக்கொண்டு, வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எதுக்கு மாமா புதுச் சட்டை? உங்க பையனும் பேத்தியும்தானே வர்றாங்க?”

அவர் முகத்தில் ஒரு வெட்கம். அந்த முகத்தில் அவள் அதுவரை பார்த்தேயிராத சந்தோஷம்.

மறுபடி போன் போட்டாள்.

“வாலு எழுந்துட்டாளா? போனை அவகிட்ட குடுங்க. இப்பவே குடுங்க.”

வைப்பர் சத்தத்துக்கு நடுவில் அவன் குரல் கேட்டது.

“என்ன பேசற நீ? அவ லீவுல இருக்காளே.”

போன் கையிலிருந்து நழுவியது.

கார் வந்தது.

கதவு.

மழையில் குடை விரியும் சத்தம். கணவன்தான். பின்கதவைத் திறந்து குடையைப் பிடித்தான். “பாத்து இறங்குங்க அத்தை.” ஒரு கால் வெளியே வந்தது. பெண் கால். பழைய மாடல் பட்டைச் செருப்பு. இருபது வயதுகூட இருக்காது அவளுக்கு. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. குடைக்கு அடியிலும் சொட்டியது.

வாசலில் நின்றவள் ஓடினாள். செருப்பில்லாமல். காரின் பின்சீட்டில் தலையை நுழைத்தாள். சீட் பெல்ட் மாட்டியபடியே இருந்தது, ஒரு குழந்தையின் இடுப்பளவுக்கு இறுக்கி. உள்ளே ஆளில்லை. மகள் பெயரைக் கத்தினாள். சீட்டுக்கு அடியில் பார்த்தாள். டிக்கியைத் திறந்தாள். இல்லை. இல்லை. இல்லை.

வீட்டுக்குள்ளிருந்து, “அண்ணா,” என்ற குரலும் ஒரு கிழவன் விம்மி அழும் சத்தமும் வந்தன.

அவள் உள்ளே வந்தபோது அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, பலகையில் இருந்த தன் கார்டைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டிருந்தாள். தன்னைவிடச் சின்னவள், ஆனால் மாமனாரின் தங்கை. என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியவில்லை.

“என் பொண்ணு எங்க?”

“அங்க ரூம்ல தூங்கறா.” அன்பாகத்தான் சொன்னாள். “எழுப்ப மனசு வரல. நல்லாப் பேசறா, என்ன வாய்! என் கட்டில்தான் அவளுக்கு. ஒருத்தர் வந்தாத்தானே ஒருத்தர் கிளம்ப முடியும்?”

“அழறாளா?”

“முதல்ல கொஞ்சம் அழுவா. அப்புறம் நாளைக்குக் கிளம்பிடலாம்னு தோணும். தினமும் அப்படித்தான் தோணும். எவ்வளவு நாளாச்சுன்னே தெரியாது.”

அன்று ராத்திரியே அவள் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு அந்த விடுதிக்குப் போனாள். கெஞ்சிக் கூத்தாடி அறையைத் திறக்கவைத்தாள். யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஏரி. கட்டில் மெத்தையில் ஒரு சின்ன உடம்பு ஒருக்களித்துப் படுத்த குழி. கையை வைத்தாள். சூடாக இருந்தது. விடியும்வரை அந்தக் குழியைக் கட்டிக்கொண்டு கிடந்தாள், அது ஆறவே இல்லை. யாரும் வரவும் இல்லை. போலீஸில் எழுதிக்கொடுக்கலாம் என்றால், குழந்தையின் அப்பாவே ‘லீவுல இருக்கா சார்’ என்று சிரித்த முகமாகச் சொல்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. அவளுக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது, அந்த வீட்டில் வேறு யாருக்கும் எதுவும் எரியவில்லை.

மகளின் கார்டைப் பலகையிலிருந்து தனியாக எடுத்துப் பார்த்தாள், திரும்பக் குத்தினாள், மறுபடி எடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தனியாக எடுத்தால் நடக்காது, கூட இன்னொரு கார்டு வேண்டும் என்பது அவளுக்குப் புரிய வெகுநாள் ஆனது. புரிந்த அன்று சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது. சீச்சீ, நான் மனுஷிதானா என்று தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாளும் அடித்துக்கொண்டாள். அதற்கு மறுநாள் அடித்துக்கொள்ளவில்லை.

அடுத்த பள்ளி விடுமுறை நெருங்கும்போது அவளே நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

“அண்ணி, பசங்க வீட்லயே அடைஞ்சு கிடக்குதுங்க பாவம். ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்களேன்.”

“நானும் அதைத்தான் நினைச்சேன்,” என்று நாத்தனார் சந்தோஷமாகக் கத்தினாள். “சின்னவ வேற இப்பத்தான் எழுத்துக்கூட்டி எழுத ஆரம்பிச்சிருக்கா. இந்த வாட்டி கார்டு நான்தான்னு ஒரே குதி. இரு, குடுக்கறேன்.”

போன் கைமாறும் சத்தம். மூச்சிரைக்கும் சத்தம்.

“அத்தை! கார்டுல நான் என்ன எழுதட்டும்?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே ஏதோ ஒன்று, கடைசியாக ஒரு தடவை, வேண்டாம் என்றது.

“உனக்கு என்ன தோணுதோ எழுது கண்ணு. உன் கையாலயே எழுதி இங்க அனுப்பணும், சரியா?”

“சரி அத்தை!”

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். மாமனாரின் தங்கை பின்னால் நின்றிருந்தாள். வந்து இத்தனை மாதமாகியும் அவள் தலைமுடி காயவில்லை, நின்ற இடத்தில் தரை நனைந்துகொண்டிருந்தது. புரிந்துகொண்ட முகத்தோடு, ஈரமான உள்ளங்கையை விரித்து ஒரு புதுக் குண்டூசியை நீட்டினாள்.

அவள் அதை வாங்கிக்கொண்டாள்.